கீல் நகரில் இரண்டு நாள்

"ஊர் பேரே கீலா?" என்று நான் கேட்டதும் என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

பின்னே என்ன, நீங்களே சொல்லுங்கள்! தூத்துக்குடிக்காரிக்குக் கீல் என்றால் தோணியின் அடிப்பலகைக்குப் பூசுகிற கறுப்பு. அதை விட்டால் கதவுக் கீல். மழைக்காலத்தில் கிறீச் கிறீச் என்று சத்தம் போடும், இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டால் அடங்கும். அந்தப் பேரில் ஜெர்மனியில் ஒரு துறைமுக நகரம் இருக்கிறது, அதுவும் ஒரு மாநிலத்துக்கே தலைநகரம் என்பது நாற்பத்தேழு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

மகள் 2023 அக்டோபரில் மேல்படிப்புக்காக ஹாம்பர்க் போனவள். 2025 ஜூன் கடைசியில் நான் ஏழு வாரம் அவளோடு இருந்துவிட்டு வரப் போனேன். விசா வாங்கியது, விமானத்தில் காதடைத்து அழுதது எல்லாம் தனிக் கதை. அவை இங்கே வேண்டாம்.

எங்கள் வீட்டில் இவர் உப்பளத்தில் கணக்கெழுதுகிறார். நானோ கல்யாணமான நாள் முதல் வீட்டுக் கணக்கெழுதுகிறவள். பால், மளிகை, மொய், பூக்காரிக்குக் கொடுத்தது வரை நோட்டில் ஏறாமல் எங்கள் வீட்டை விட்டு ஒரு ரூபாய் வெளியே போனதில்லை. அந்தப் புத்தி விமானம் ஏறினால் மட்டும் மாறிவிடுமா? அப்போது ஒரு யூரோ ஏறக்குறைய நூறு ரூபாய். காபி 3 யூரோ 80 சென்ட் என்று பலகையில் பார்த்ததும் மனசு தானாக 380 ரூபாய் என்று சொல்லும். அப்புறம் அந்தக் காபி எப்படித் தொண்டையில் இறங்கும்?

"அம்மா, ரூபாயில கணக்குப் போட்டா உனக்கு இங்க பசிக்கவே பசிக்காது" என்பாள் மகள்.

வந்த முதல் வாரம் துறைமுகம் காட்டினாள். மலை மலையாகக் கப்பல்கள், பெட்டி தூக்கும் பெரிய பெரிய கிரேன்கள். எல்லாம் சரி, கடல் எங்கே?

"இது ஆறும்மா. எல்பே. கடலுக்கு இன்னும் நூறு கிலோமீட்டருக்கு மேல போகணும்."

"நீ போய்ப் பார்த்தியா?"

"இல்ல. நேரம் அமையல."

எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. ரெண்டு தெரு தள்ளிக் கடலை வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளை. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று கூடக் கடற்கரைக்குத்தான் போவாள். அவள் ஏறக்குறைய இரண்டு வருஷமாகக் கடலைப் பார்க்கவில்லையா? சீட்டு எடுத்த பணத்தில் எனக்கென்று மாற்றி வைத்திருந்த 150 யூரோ கைப்பையில் இருந்தது. "ஏட்டி, இந்த நூத்தம்பதுக்குள்ள ரெண்டு பேரும் ரெண்டு நாள் கடலைப் பார்த்துட்டு வந்துரணும். கணக்கு நான் போடுதேன், வழி நீ சொல்லு" என்றேன். ஒரு நிமிஷம் யோசித்தாள். ஜூலை மாதத்தின் ஒரு சனி, ஞாயிறைச் சொன்னாள். பதினைந்தாயிரம் ரூபாய் சிக்கனமா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. இருவர் ஓர் இரவு தங்கி வர, அந்த ஊரில் அது சிக்கனம்தான், என்னைத் திட்டாதீர்கள்.

முதலில் ராத்திரியில் கை வைத்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போனால் இரண்டு இரவு வாடகை. சனிக்கிழமை விடியற்காலை ரயிலில் கிளம்பி ஞாயிறு இரவு திரும்பினால் ஒரே இரவு. ஆனால் பகல் என்னவோ முழுசாக இரண்டு! அதிலும் ஜூலையில் அங்கே ராத்திரி பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. ஜூன் கடைசி வாரம் மட்டும் போகக் கூடாதாம். 1882 முதல் நடக்கிற பாய்மரப் படகுப் பந்தயம், "கீல் வாரம்" என்று அதற்குப் பேர். ஊரே திருவிழாக் கோலம், அறை வாடகையும் கொடியேறிவிடும்.

ஓட்டலுக்குப் பதில் இளைஞர் விடுதி. "நான் என்னட்டி இளைஞரா?" என்று கேட்டேன். வயசு வரம்பு கிடையாதாம், குடும்பமாகவே வருகிறார்கள். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்ற ஜெர்மன் பள்ளிக்கூட வாத்தியார். 1909-இல் பிள்ளைகளை நடைப்பயணம் கூட்டிப் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொள்ள, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரி ஒதுங்கினார்களாம். லீவு நாளில் சும்மா பூட்டிக் கிடக்கிற பள்ளிக்கூடங்களில் இப்படிப் பிள்ளைகள் தங்கினால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியதுதான் உலகம் பூராவும் பரவியது. விடுதிக்கு வருஷச் சந்தா கட்டி உறுப்பினராக வேண்டும். சந்தா, படுக்கை விரிப்பு, காலைப் பலகாரம் எல்லாம் சேர்த்து எங்கள் இருவருக்கும் 108 யூரோ ஆயிற்று. பாக்கி 42 யூரோவில் இரண்டு நாள் ஓட்ட வேண்டும்.

ரயில் செலவு இந்தக் கணக்கில் வரவில்லை. அங்கே 2023 மே மாதம் முதல் நாடு முழுவதற்கும் ஒரே மாதச் சீட்டு உண்டு. சாதாரண ரயில், பஸ், டிராம் எல்லாவற்றிலும் ஏறலாம். அதிவேக ரயில்களில் மட்டும் செல்லாது. ஆரம்பத்தில் 49 யூரோ, நான் போனபோது 58, 2026 ஜனவரி முதல் 63. மகளுக்குப் படிப்புக் கட்டணத்தோடு சேர்ந்தே அது வருகிறது. எனக்குத் தனியாக எடுத்தோம். பிள்ளைகளைப் பார்க்கப் போகிற தாய்மார்கள் ஒன்றை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். இது மாதாமாதம் தானே புதுப்பித்துக்கொள்ளும் சீட்டு. வேண்டாம் என்றால் அந்த மாதம் 10-ஆம் தேதிக்குள் சொல்லிவிட வேண்டும். நாங்கள் ஆகஸ்டில் ஊருக்குப் புறப்படும் அவசரத்தில் மறந்தே போனோம். செப்டம்பருக்கும் 58 யூரோ பிடித்துவிட்டார்கள். நான் இங்கே சாம்பார்ப் பொடிக்கு மல்லி வறுத்துக்கொண்டிருந்த மாதம் முழுக்க, ஜெர்மனியில் என் பேரில் ஒரு ரயில் சீட்டு சும்மா கிடந்தது!

சாப்பாடு என் இலாகா. சனிக்கிழமை மதியத்துக்குப் புளியோதரை, இட்லிப் பொடி ஒரு டப்பி, வறுத்த அப்பளம். வெறும் பாட்டில் இரண்டு. அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது வீண். ஞாயிற்றுக்கிழமை கடை கண்ணி எதுவும் திறக்காது. சட்டமே அப்படி. ரயில் நிலையத்துக் கடையும் ரொட்டிக் கடையும்தான் திறந்திருக்கும். ஆகையால் ஞாயிறு மதியத்துக்கான ரொட்டி, வெள்ளரிக்காய், பாலாடைக்கட்டி, ஆப்பிள் எல்லாம் சனிக்கிழமையே கீலில் வாங்கினோம். 9 யூரோ 60.

ஹாம்பர்க்கிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்தான். கீல் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே தண்ணீர்! சாலையைத் தாண்டினால் கப்பல். தெருக் கோடியில் ஏழெட்டு மாடிக் கட்டிடம் நிற்கிறது என்று நான் நினைத்தது நார்வே போகும் கப்பல். நிலம் பிளந்து உள்ளே நீண்டு வந்திருக்கும் கடல் அது, பால்டிக் கடலின் ஒரு விரல் மாதிரி. அதன் நுனியில் ஊர். பக்கத்திலேயே ஒரு நடைபாலம். படகு வந்தால் மூன்று துண்டாக மடங்கி எழுந்து நிற்கிறது, நம் மடக்குக் கட்டில் போல. 1997-இல் கட்டியதாம். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளோடு முணுமுணுத்துக்கொண்டு காத்திருக்க, நான் மட்டும் இன்னொரு தடவை மடங்காதா என்று நின்றேன்.

பழைய அரண்மனை, கோபுரம் பார்க்கிற ஆசை இருந்தால் கீலுக்குப் போகாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டு போட்டு ஊரில் பெரும்பகுதி தரைமட்டமாகிவிட்டது. கடைத்தெரு எந்த ஊர்க் கடைத்தெருவும் போலத்தான். கடலோரமாக நடப்பதுதான் அந்த ஊரின் சுகம். நடைபாதை நெடுகப் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். புளியோதரையைப் பிரித்ததும் கடற்காகம் ஒன்று அப்பளத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று. அது காரத்துக்கு என்ன பாடு பட்டதோ!

வழியில் ஒரு கடையில் பொன் நிறத்தில் வரிசை வரிசையாகச் சின்ன மீன்கள், மரப்பெட்டியில். புகை போட்ட மீன். பார்த்தால் நம் நெத்திலிக்கு அக்கா முறை. கீல் ஸ்ப்ராட் என்று பேர். ஆனால் புகை போட்டதென்னவோ பக்கத்து ஊரான எக்கர்ன்ஃபோர்டேயிலாம். ரயிலில் அனுப்பிய பெட்டிகளில் கீல் நிலைய முத்திரை விழுந்ததால் பேரும் கீலுக்கே போய்விட்டது என்கிறார்கள். சமைத்தவள் ஒருத்தி, பேர் வாங்கினவள் ஒருத்தி! தலையும் வாலுமாக முழுசாகத் தின்ன வேண்டும். ஆளுக்கொரு மீன் ரொட்டி, 11 யூரோ. ஆயிரத்து நூறு ரூபாய் என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மகள் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். உப்பும் புகையும் ஏறி நன்றாகவே இருந்தது. கொஞ்சம் மிளகுத்தூள் கேட்கலாம் போலிருந்தது.

சாயங்காலம் பஸ் ஏறி ஊரின் வடக்குக் கோடிக்குப் போனோம். அங்கேதான் புகழ்பெற்ற கீல் கால்வாய் தொடங்குகிறது. 98 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். வட கடலிலிருந்து பால்டிக் கடலுக்கு டென்மார்க்கைச் சுற்றிக்கொண்டு போகாமல் குறுக்கே போக வெட்டியது, 1895-இல் திறந்தார்கள். அக்கரைக்குப் போகச் சின்னப் படகு. நான் பர்ஸைத் திறந்தேன். படகோட்டி கையசைத்து வேண்டாம் என்றார். ஓசியாம்! அந்தக் கால்வாய் நெடுகப் படகுத்துறை எங்கேயுமே காசில்லையாம். ஜனங்கள் காலங்காலமாகப் போய்வந்த பாதையை அரசாங்கம் வெட்டித் துண்டாக்கியது, ஆகவே அவர்களைக் கரை சேர்ப்பதும் அரசாங்கத்தின் பொறுப்பு என்று கால்வாய் வெட்டிய சக்கரவர்த்தி காலத்திலேயே வந்த ஏற்பாடு இன்று வரை நடக்கிறது. எனக்கு அந்த நியாயம் ரொம்பப் பிடித்துப் போயிற்று. காசில்லை என்பதாலேயே போக ஒரு தடவை, வர ஒரு தடவை, ஆசைக்கு ஒரு தடவை என்று போய்வந்தோம்.

அக்கரையில் ஒரு பழைய கலங்கரை விளக்கம். பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, மதகுக் கதவு திறந்து கப்பல்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மணி ஒன்பதரை, இன்னும் வெளிச்சம். நான் நோட்டை எடுத்து அன்றைய செலவை எழுதினேன். "128 யூரோ 60. பரவாயில்லட்டி, உன் அம்மா கெட்டிக்காரிதான்" என்றேன்.

அப்போது அவள் போன் மினுங்கியது. பார்த்துவிட்டு வைத்தாள். யார் என்று கேட்டேன். "ரொட்டிக் கடையில கூட வேலை பார்க்கிற பொண்ணு. நாளைக்காவது வருவியான்னு கேக்குறா."

"நீ ஞாயித்துக்கிழமையும் வேலைக்குப் போவியா?"

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும். காலையில ஆறு மணி நேரம். நீ வந்ததிலிருந்து வேற பொண்ணோட முறையை மாத்திக்கிட்டேன், சாயங்காலம் போறேன்ல, அது அதுதான். இந்த வாரம் மாத்த ஆள் கிடைக்கல, அதான் லீவு போட்டேன்."

நான் வாயை மூடிக்கொண்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அந்த வருஷம் ஜெர்மனியில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12 யூரோ 82 சென்ட். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 153 யூரோ 84. ரயிலைப் பார்த்தேன், அறையைப் பார்த்தேன், வெள்ளரிக்காய் வரை பார்த்தேன். என் கணக்கிலேயே பெரிய செலவு என் நோட்டுக்குள் வரவே இல்லை.

"முன்னாலேயே சொல்லக் கூடாதாட்டி? வேலை நாள்ல வந்திருப்போமே!"

"வேலை நாள்ல கிளாஸ் இருக்கும்மா."

"அப்ப வராமலே இருந்திருப்போம்."

சொன்ன பிறகுதான் அது எப்படி விழுந்தது என்று தெரிந்தது. அவள் கப்பலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு வருஷத்துல ஒரு சனி ஞாயிறு கூட நான் லீவு எடுக்கலம்மா. கடலுக்குப் போக ரயிலுக்குக் கூட காசு வேண்டாம், சும்மாதான். ஆனா போனா அன்னிக்குக் கூலி போயிடுமேன்னு தோணும். நீ வரும்போது எடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

அவள் அங்கே போன வருஷம், மாணவர்கள் முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டிய பணம் 11,208 யூரோ. (2024 செப்டம்பர் முதல் அது 11,904 ஆகிவிட்டது.) வீட்டுப் பத்திரத்தை வைத்துத்தான் புரட்டினோம். மாதம் 934 யூரோவாக அது அவள் கைக்கு வரும். அதில் வாடகை, மருத்துவக் காப்பீடு, சாப்பாடு. முதல் வருஷம் அது எப்படிப் போதுகிறது என்று நான் போனில் கேட்கும்போதெல்லாம் "போதும்மா, மிச்சம் பிடிக்கிறேன்" என்பாள். நான் இங்கே பக்கத்து வீட்டில், என் பிள்ளை என்னை மாதிரி சிக்கனம் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

அன்று விடுதியில் படுக்கை விரிப்பை நாமே போட்டுக்கொள்ள வேண்டும். என் கட்டிலுக்கும் அவளே போட்டாள். படுத்ததும் தூங்கிப்போனாள். எனக்குத்தான் பொட்டுத் தூக்கமில்லை.

ஞாயிறு காலை விடுதிப் பலகாரத்தை இருவரும் ஒரு கை பார்த்தோம். பிறகு ரயில் நிலையத்துப் பக்கத் துறையிலிருந்து நீர்வழிப் படகு. அதற்கும் மாதச் சீட்டே செல்லும். இரண்டு கரையும் மாறி மாறித் தொட்டு, ஒரு மணி நேரத்தில் லாபோ என்ற கடற்கரைக் கிராமத்தில் விட்டது. அங்கே 72 மீட்டர் உயரத்தில் ஒரு நினைவுக் கோபுரம், கப்பலின் முனை மாதிரி. 1927-இல் கட்டத் தொடங்கி 1936-இல் முடித்தது. முதலில் முதல் போரில் மாண்ட ஜெர்மன் கடற்படை வீரர்களுக்கு என்றிருந்தது, இப்போது எந்த நாட்டவரானாலும் கடலில் உயிர் விட்டவர்கள் எல்லோருக்கும். எதிரே மணலில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல், 1972 முதல் காட்சிக்கு நிற்கிறது. இரண்டுக்கும் டிக்கெட் உண்டு. நாங்கள் வெளியே நின்று கும்பிட்டுவிட்டு மணலுக்குப் போனோம்.

மணல் பூராவும் பிரம்புக் கூடை. ஒரு பெரிய கூடையை நிமிர்த்தி வைத்து, இருவர் உட்கார இருக்கை செய்து, மேலே கூரையும் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. "ஷ்ட்ராண்ட்கோர்ப்" என்பார்கள், கடற்கரைக் கூடை என்று அர்த்தம். 1882-இல் ஒரு பெரிய வீட்டம்மாளுக்கு மூட்டுவாதம். ஆனாலும் கடற்கரையில் உட்கார ஆசை. காற்றும் வெயிலும் படாமல் உட்கார ஒரு நாற்காலி வேண்டும் என்று ரோஸ்டாக் நகரத்தில் வில்ஹெல்ம் பார்டல்மான் என்ற கூடை முடைபவரிடம் கேட்டாராம். அவர் செய்து கொடுத்தார். அடுத்த வருஷமே அதை வாடகைக்கு விடும் தொழிலைத் தொடங்கியது யார் தெரியுமா? அவருடைய மனைவி! அந்த அம்மாளும் கட்டாயம் ஒரு நோட்டு வைத்திருந்திருப்பார்.

முதல் நாளே மகள் படத்தைக் காட்டி, "இதுல ஒரு தடவை உக்காரணும்மா" என்று சொன்னாள். "மணல்ல துண்டை விரிச்சா உக்கார முடியாதா?" என்று அடக்கியிருந்தேன். இப்போது அவள் துண்டைத்தான் விரித்துக்கொண்டிருந்தாள். காற்றானால் ஆளைத் தள்ளுகிறது. நான் விறுவிறுவென்று வாடகைக்காரரிடம் போய், எனக்குத் தெரிந்த இரண்டு ஜெர்மன் வார்த்தையும் மீதி விரலுமாகப் பேசி ஒரு கூடையைப் பிடித்தேன். வெளியூராருக்கான கடற்கரைக் கட்டணமும் சேர்த்து 18 யூரோ.

"அம்மா! ஆயிரத்தெண்ணூறு ரூபாய்!" என்றாள் அவள்.

"வாயை மூடிட்டு உக்காரு."

உட்கார்ந்தாள். கால் வைக்கப் பலகை இழுத்துக்கொள்ளலாம், முதுகைச் சாய்த்துக்கொள்ளலாம். உள்ளே காற்றே இல்லை, கதகதவென்று இருந்தது. பத்து நிமிஷம் பேசினாள். அப்படியே என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ரொட்டி, வெள்ளரிக்காய் எல்லாம் பையிலேயே இருந்தது. மூன்று மணி வாக்கில் நேற்றுப் பார்த்த கப்பல் மாதிரியே ஒன்று, தினமும் இரண்டு மணிக்குக் கிளம்புவது, எங்களுக்கு எதிரே மெல்லக் கடந்து நார்வே போயிற்று. அது போய் ரொம்ப நேரம் கழித்து அதன் அலை மட்டும் கரைக்கு வர, குழந்தைகள் கூவினார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. தோள் மரத்துப்போயிற்று. நானும் அசையவில்லை.

எழுந்ததும் பதறினாள். "எழுப்பக் கூடாதா? கூடை காசெல்லாம் தூங்கியே போச்சே!"

"அதுக்குத்தான் எடுத்தேன்" என்றேன்.

பிறகு இருவரும் சேலையும் பேண்டுமாகக் கணுக்கால் வரை நனைத்தோம். ஜூலை வெயிலிலும் தண்ணீர் சில்லென்று இருந்தது. வழக்கம்போல் ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

இரவு ஹாம்பர்க் வந்து ரசம் வைத்தேன். மொத்தச் செலவு 146 யூரோ 60, மிச்சம் 3 யூரோ 40. இவர் போன் செய்தார். ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும், தூங்காமல் இருந்திருக்கிறார். செலவு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். அப்புறம் நோட்டின் கடைசிப் பக்கத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"கடல்ல உப்பு எப்படி?" என்றார்.

"நம்ம கடல்ல பாதி கூட இருக்காது" என்றேன்.